நடை உறையும் நேரம்: பார்க்கின்சன் நோயாளியை வீட்டிலேயே கவனிப்பது எப்படி?



இம்மாத மருத்துவப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது பார்க்கின்சன் நோய். தமிழில் இதை நடுக்குவாதம் என்பார்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் இதற்கு நோய் என்ற பெயரே கிடைப்பதில்லை. “அத்தாவுக்கு வயசாகிடுச்சு, கை நடுங்குது” என்றோ, “நன்னிக்கு நரம்புத் தளர்ச்சி, காலை இழுத்து இழுத்து நடக்கிறாங்க” என்றோ சொல்லிவிட்டு, ஒரு சத்து டானிக் வாங்கிக் கொடுத்து இருந்துவிடுகிறோம். அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் பெரிய மருத்துவமனைக்கு வண்டி தேடுகிறோம்.

இந்த நோயில் கை நடுக்கம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் ஆளைப் படுக்கையில் தள்ளுவது பெரும்பாலும் நடைக் கோளாறுதான். அதனால்தான் இப்போது உலகின் பல ஆய்வுக்கூடங்களில் நோயாளியின் நடையை வீட்டிலேயே இரவும் பகலும் கவனிக்கும் சென்சார் கருவிகளை உருவாக்கி வருகிறார்கள். அந்தக் கருவிகள் பதிவு செய்வதைச் செயற்கை நுண்ணறிவு படித்துச் சொல்கிறது. இக்கருவிகள் எப்படி வேலை செய்கின்றன, எவ்வளவு நம்பலாம், அவை நம் கைக்கு வரும்வரை கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் இருக்கும் நாம் என்ன செய்யலாம் என்பதே இப்பாடம்.

நோய் என்ன செய்கிறது?

1817ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. அவர் பிறந்த நாளான ஏப்ரல் 11 உலகப் பார்க்கின்சன் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நம் நடுமூளையில் கருநிறமான ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள உயிரணுக்கள் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கின்றன. நாம் எண்ணியபடி கை கால்கள் தடையின்றி அசைய இப்பொருள் வேண்டும். பார்க்கின்சன் நோயில் இந்த உயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. அசைவு மந்தமாகிறது, தசைகள் விறைக்கின்றன, சும்மா வைத்திருக்கும் கை நடுங்குகிறது. எல்லா நோயாளிக்கும் நடுக்கம் வரும் என்பதில்லை. எழுத்து சிறுத்துப்போவது, குரல் தாழ்வது, முகத்தில் உணர்ச்சி குறைவது, வாசனை தெரியாமல் போவது, மலச்சிக்கல், நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருப்பது ஆகியவையும் அடையாளங்களே.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகில் 85 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருந்தது. 25 ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை இரு மடங்காகியிருக்கிறது. பெரும்பாலும் அறுபது வயதுக்கு மேல் வந்தாலும் முன்னதாகவும் வரலாம். குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலீ அவர்களுக்கு 1984இல் இந்நோய் உறுதி செய்யப்பட்டபோது வயது 42. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் தீபத்தை அவர் நடுங்கும் கையோடு ஏற்றியதை உலகமே பார்த்தது. அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். ஆகவே இந்நோய் வந்தவருக்கு வாழ்க்கை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. சரியாகக் கவனித்தால் பல ஆண்டுகள் நடமாட முடியும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம். வாந்திக்கும் தலைச்சுற்றலுக்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகளை நெடுநாள் சாப்பிட்டால், பார்க்கின்சன் போலவே நடுக்கமும் விறைப்பும் வரலாம். ஏற்கெனவே நோய் இருப்பவருக்கு அவை நோயைக் கூட்டும். மெட்டோக்ளோப்ரமைடு, சின்னரிசின் போன்றவை இவ்வகை. எனவே நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள்.

கால் தரையில் ஒட்டிக்கொள்ளும் நிலை

பார்க்கின்சன் நடை எப்படி இருக்கும்? உடல் முன்னால் சாய்ந்திருக்கும். அடிகள் சிறுத்து, பாதம் தரையைத் தேய்க்கும். சிலருக்கு அடிகள் தம்மை மீறி வேகமாகி, ஓடி விழப்போவது போல் ஆகும்.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது நடை உறைதல். நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையில் பசை போட்டு ஒட்டியதுபோல் நின்றுவிடும். மேல் உடம்பு முன்னே போகும், பாதம் வராது. சில நொடிகளில், சில வேளை அரை நிமிடம் அல்லது அதற்கு மேல் ஆன பிறகு, கால் விடுபடும். இதற்குள் விழுந்துவிட வாய்ப்பு மிக அதிகம்.

இது எங்கே வருகிறது என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. வாசற்படியைக் கடக்கும்போது வரும். குறுகலான இடத்தில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையில் வரும். திரும்பும்போது வரும். நடந்துகொண்டே பேசும்போது, கையில் தட்டு ஏந்தி நடக்கும்போது வரும். அவசரப்படுத்தினால் கட்டாயம் கூடும். செல்பேசி அடிக்கிறது என்று எழுந்து ஓடுவதும், “சீக்கிரம் வாங்க, இகாமத் சொல்லிட்டாங்க” என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுப்பதும் போதும், கால் நின்றுவிடும்.

அவர் பிடிவாதம் செய்கிறார் என்றோ சோம்பல்படுகிறார் என்றோ வீட்டில் உள்ளவர்கள் நினைத்துவிடுகிறோம். ஏனென்றால் ஐந்து நிமிடத்திற்கு முன் அதே ஆள் நன்றாக நடந்து வந்தார். இந்த ஏற்ற இறக்கம்தான் நோயின் இயல்பு.

மருத்துவர் பார்க்கும் பத்து நிமிடம்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமானது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனாலும் நரம்பு நோய்க்கென்று பலரும் சேலத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ போகிறார்கள். வெள்ளிமலையிலிருந்து ஒருவர் கிளம்பினால் மலைப்பாதையில் இறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு வந்து, அங்கிருந்து அடுத்த பேருந்து பிடிக்க வேண்டும். அப்படிப் போய் வரிசையில் காத்திருந்து மருத்துவர் முன் உட்காரும் நேரம் பத்து நிமிடம் இருக்கலாம்.

அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். வீட்டில் நாளுக்குப் பலமுறை உறைந்து நிற்பவர் மருத்துவர் அறையில் நன்றாக நடப்பார். மருத்துவர் கவனிக்கிறார் என்ற உணர்வில் அவர் மனம் முழுவதும் நடையில் இருக்கும். அறை அகலமாக, தடையின்றி இருக்கும். புறப்படும் முன் மாத்திரையும் போட்டிருப்பார். நரம்பியல் மருத்துவர்கள் எல்லோரும் அறிந்த உண்மை இது. மீதமுள்ள நாட்களில் என்ன நடந்தது என்று கேட்டால், “கால் ஒட்டிக்குது சார்” என்பதற்கு மேல் நம்மால் சொல்ல முடிவதில்லை.

ஆனால் மருத்துவருக்கு வேண்டியது அதற்கு மேல் ஒரு செய்தி. இந்நோய்க்கு முதன்மையான மருந்து லெவோடோபா. மூளைக்குள் சென்று டோபமைனாக மாறும் பொருள் அது. ஆரம்ப ஆண்டுகளில் ஒரு மாத்திரை நெடுநேரம் வேலை செய்யும். ஆண்டுகள் போகப் போக அதன் பலன் மூன்று நான்கு மணி நேரத்திலேயே இறங்கிவிடும். அடுத்த மாத்திரை ஏறும்வரை உடம்பு விறைத்துக் கிடக்கும். பலருக்கு நடை உறைதல் இப்படி மருந்து இறங்கிய வேளையில்தான் வருகிறது. அப்படியானால் மாத்திரையின் அளவையோ இடைவெளியையோ மாற்றினால் குறையும்.

ஆனால் சிலருக்கு மருந்து முழுமையாக வேலை செய்யும் வேளையிலும் உறைதல் வரும். அவர்களுக்கு மருந்தைக் கூட்டினால் பலன் இல்லாமல் போகலாம், நிலைமை மோசமாகவும் கூடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வைத்தியம் வேறு. எது எது என்று பிரிப்பதற்கு ஒரே வழி, மாத்திரை போட்ட நேரத்தையும் கால் உறைந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். கருவியின் வேலையும் இதுவே.

கருவி எப்படிக் கவனிக்கிறது?

செல்பேசியைப் படுக்கவைத்தால் படமும் திரும்புகிறது. அதற்குள் அசைவை உணரும் ஒரு சிறு சென்சார் இருப்பதால்தான் அப்படி. அதே வகைச் சென்சாரைக் கணுக்கால், இடுப்பு, கீழ்முதுகு அல்லது மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும்படி சிறு கருவியாகச் செய்கிறார்கள். அது ஒரு நொடிக்குப் பல முறை அசைவை அளந்து பதிவு செய்கிறது.

சாதாரணமாக நடக்கும்போது காலின் அசைவு மெதுவான தாளத்தில் இருக்கும். நொடிக்கு ஒன்றிரண்டு அடிதான். உறைந்து நிற்கும்போது பாதம் முன்னே போகாவிட்டாலும் கால் வேகமாக நடுங்கும். அந்த நடுக்கம் நொடிக்கு 3 முதல் 8 தடவை. மெதுவான அசைவு குறைந்து இந்த வேகமான நடுக்கம் கூடினால் அது உறைதல் என்று கணக்கிடும் முறையை 2008இல் ஸ்டீவன் மூர் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்டது. பின்னால் வந்த பல கருவிகளுக்கு இக்கணக்கு அடிப்படையாக அமைந்தது.

2010இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் இன்னொரு படி சென்றார்கள். கால் உறைந்தது என்று கருவி கண்டதும் நோயாளியின் காதில் டிக், டிக் என்று தாள ஒலி கேட்கும். அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு அவர் அடியெடுத்து வைக்கலாம். 10 நோயாளிகளிடம் சோதித்ததில், நேர்ந்த உறைதல்களில் ஏறத்தாழ 73 விழுக்காட்டைக் கருவி கண்டுபிடித்தது. மீதியைத் தவறவிட்டது. உறையாத நேரத்திலும் சில வேளை ஒலித்தது.

செயற்கை நுண்ணறிவு இந்தக் கணக்கைக் கூர்மையாக்குகிறது. ஆயிரக்கணக்கான நடைப் பதிவுகளைக் காட்டி, “இது உறைதல், இது சும்மா நிற்பது, இது திரும்புவது” என்று கணினிக்குப் பழக்குகிறார்கள். பிறகு புதிய பதிவு வந்தால் கணினியே பிரித்துச் சொல்கிறது. மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவோடு இதற்காக உலகளாவிய போட்டி ஒன்று நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் கலந்துகொண்டன. கீழ்முதுகில் கட்டிய ஒரே சென்சாரின் பதிவிலிருந்து உறைதலைக் கண்டுபிடிப்பதே போட்டி. வென்ற முறைகளை நோயாளிகளின் வீட்டுப் பதிவுகளில் செலுத்திப் பார்த்தபோது, நாளின் குறிப்பிட்ட வேளைகளில் உறைதல் கூடுவது தெரியவந்தது. 2024இல் இம்முடிவு வெளியானது.

உடலில் எதுவும் கட்டாமலே கவனிக்கும் முறையும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பேராசிரியை தினா கதாபியின் குழு, இணைய ரவுட்டர் அளவிலான ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டியது. அது அனுப்பும் ரேடியோ அலைகள் நடப்பவர் மேல் பட்டுத் திரும்புவதை வைத்து நடையின் வேகத்தை அளந்தார்கள். 2022இல் வெளியான அந்த ஆய்வில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட நடை அளவுகள் வீடுகளிலிருந்தே கிடைத்தன. மருந்து ஏறும்போதும் இறங்கும்போதும் நடை மாறுவதை அதில் காண முடிந்தது. பிரிட்டனில் மருத்துவத் தரத்தை மதிப்பிடும் அரசு அமைப்பு 2023இல் இவ்வகையில் உடலில் அணியும் 5 கருவிகளை, மேலும் ஆதாரம் திரட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு, பயன்படுத்தப் பரிந்துரைத்தது.

நம் வீட்டுக்குப் பொருந்துமா?

செய்தியைப் படித்ததும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் சொல்லி ஒரு ஸ்மார்ட் வாட்ச் வரவழைத்துவிடலாம் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம்.

முதலாவது, கடையில் விற்கும் சாதாரண ஸ்மார்ட் வாட்ச் பார்க்கின்சன் நோய்க்காகச் செய்ததல்ல. அது மணிக்கட்டின் வீச்சை வைத்து அடிகளை எண்ணுகிறது. பார்க்கின்சன் நோயாளிக்குக் கை வீசுவது குறையும். வாக்கரைப் பிடித்து நடந்தால் கை அசையவே அசையாது. எனவே நடந்ததை அது குறைத்துக் காட்டலாம். கை நடுக்கத்தை அடிகளாக எண்ணிக் கூட்டியும் காட்டலாம். அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

இரண்டாவது, கணினி தான் பார்த்துப் பழகிய நடையை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்லும். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் மேல்நாட்டு வீடுகளிலும் மருத்துவமனை நடைக்கூடங்களிலும் நடந்தவை. நாம் வெறுங்காலோடு நடக்கிறோம். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து எழுகிறோம். ஒரு நாளில் ஐந்து வேளை குனிந்து, ஸுஜூது செய்து, எழுந்து நிற்கிறோம். இந்த அசைவுகளைப் பழகாத கருவி இவற்றை விழுதல் என்றோ வேறொன்று என்றோ எண்ணிவிட வாய்ப்பு உண்டு. கல்வராயன் மலையின் கரடுமுரடான ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்கும் மலைவாழ் பெரியவரின் நடையும் சமதரை நடையும் ஒன்றல்ல. பதிவை இணையம் வழியே அனுப்பும் கருவிக்கு சிக்னல் வேண்டும். மலையில் அது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

மூன்றாவது, வீட்டுக்குள் ஒருவர் எப்போது எழுகிறார், எத்தனை முறை கழிப்பறை போகிறார் என்பதெல்லாம் அவருடைய அந்தரங்கம். அது அமானிதம். நோயாளியின் சம்மதம் இல்லாமல் கருவி மாட்டக்கூடாது. பதிவு எந்த நிறுவனத்துக்குப் போகிறது, அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தையே அடிப்படையாகக் கொண்டது.

இத்தனையும் சொல்வது கருவி வேண்டாம் என்பதற்காக அல்ல. மருத்துவர் பரிந்துரைத்து, ஒரு வாரம் கட்டிக்கொள்ளச் சொல்லி, பதிவை அவரே படித்துச் சொல்வாரானால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அதுவரை அதே வேலையை நாம் கையால் செய்ய முடியும்.

ஒரு நோட்டும் ஒரு பேனாவும்

மருத்துவரிடம் போவதற்கு முந்தைய ஒரு வாரம் மட்டும் ஒரு நோட்டுப் போடுங்கள். தலைப்பு மூன்றே: நேரம், மாத்திரை அல்லது உணவு, நடை. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் அதனிடம் பொறுப்பைக் கொடுக்கலாம். நம் வீடுகளில் நாளை வக்துகளால் பிரித்தே பழக்கம். ஃபஜ்ர், ளுஹர், அஸர், மஃரிப், இஷா என்று ஐந்து பகுதியாகக் கோடு போட்டுக்கொண்டால் எதுவும் விடுபடாது. ஆனால் வக்து நேரம் மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் கடிகார நேரத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஒரு நாளின் பதிவு இப்படி இருக்கலாம்: “காலை 6.30 மாத்திரை. 7.15 நன்றாக நடந்தார். 8.00 இட்லி, முட்டை. 10.20 சமையலறை வாசலில் கால் ஒட்டியது, அரை நிமிடம். 10.45 திரும்பும்போது மீண்டும் ஒட்டியது. 11.00 மாத்திரை. 11.50 தானாக எழுந்து வாசல்வரை போனார்.” இதைப் படிக்கும் மருத்துவர், அடுத்த மாத்திரைக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில்தான் சிக்கல் என்பதை உடனே பிடித்துக்கொள்வார். இதே நோட்டில் 7.30க்கும் 12 மணிக்கும், அதாவது மாத்திரை ஏறியிருக்கும் வேளையில் கால் ஒட்டியது என்று இருந்தால் அவர் வேறு வழியை யோசிப்பார்.

உணவை எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. கறி, முட்டை, பால், பருப்பு போன்ற புரதம் மிகுந்த உணவோடு சேர்த்தால் லெவோடோபா உடலில் சேர்வது குறையலாம். பொதுவாக உணவுக்கு அரை மணி நேரம் முன்போ ஒரு மணி நேரம் பின்போ போடச் சொல்வார்கள். இரும்புச் சத்து மாத்திரையும் அதைத் தடுக்கும். இரண்டுக்கும் இடைவெளி வேண்டும்.

நோட்டோடு செல்பேசியில் ஒரு நிமிட வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். கால் உறையும் இடத்தில், பாதம் முதல் தலைவரை தெரியும்படி, அவர் சம்மதத்தோடு எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். மருத்துவர் அறையில் தெரியாத நடை அந்த வீடியோவில் தெரியும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட வேண்டாம்.

கால் உறைந்தால் என்ன செய்வது?

கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் மேல் உடம்பு வரும், பாதம் வராது, விழுவார். “நில்லுங்க அத்தா, அவசரம் இல்லை” என்று சொல்லுங்கள். அவர் நிமிர்ந்து நின்று மூச்சு விடட்டும். உடல் எடையை இடமும் வலமும் மெல்ல மாற்றட்டும். பிறகு ஒன்று, இரண்டு என்று எண்ணி ஒரு பெரிய அடி வைக்கட்டும். அவர் பாதத்துக்கு முன்னால் நம் பாதத்தைக் குறுக்காக வைத்து, “இதைத் தாண்டுங்க” என்றால் பலர் தாண்டிவிடுவார்கள்.

இது எப்படி நடக்கிறது? தானாக நடக்கும் வழி மூளையில் அடைபட்டாலும், கண்ணால் ஒரு குறியைப் பார்த்தோ காதால் ஒரு தாளத்தைக் கேட்டோ நடக்கும் வழி திறந்திருக்கிறது. புனேயைச் சேர்ந்த வடிவமைப்பாளர் மிலேஹா சோனேஜி இதைத் தன் குடும்பத்திலேயே கண்டார். பார்க்கின்சன் நோயுள்ள அவருடைய உறவினர் ஒருவர் சமதரையில் வாக்கர் இல்லாமல் நடக்க முடியாதவர், மாடிப்படியில் மட்டும் தடையின்றி இறங்கினார். படிகள் அவருக்குக் குறியாக இருந்தன. உடனே மிலேஹா படிக்கட்டு போலத் தோன்றும் படத்தைத் தரையில் ஒட்டினார். அதன் மேல் அவர் நடந்துவிட்டார். இதில் மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. நாமும் உறையும் இடத்தில், ஓர் அடி தூரத்துக்கு ஒன்றாக, வண்ண டேப்பைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டிப் பார்க்கலாம். பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு அவருக்கு ஏற்ற இடைவெளியை வைத்துக்கொள்வது நல்லது.

வழியில் கிடக்கும் மிதியடி, மடங்கும் பாய், வயர் இவற்றை எடுத்துவிடுங்கள். குளியலறையிலும் ஒளுச் செய்யும் இடத்திலும் ஈரம் இல்லாமல் பார்த்து, சுவரில் பிடிகம்பி போடுங்கள். நின்ற இடத்திலேயே சுழலாமல், வளைந்து அகலமாகத் திரும்பப் பழக்குங்கள்.

தொழுகையும் நோன்பும்

நடை உறையும் பெரியவர்கள் பலர் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். விழுந்துவிடுவோம் என்ற பயத்தைவிட, ஸஃப்பில் பிறருக்கு இடைஞ்சல் என்ற கூச்சமே பெரிதாக இருக்கிறது. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். வாசலுக்கு அருகில், ஸஃப்பின் ஓரத்தில் அவர்களுக்கு நாற்காலி இடம் ஒதுக்குவது ஒவ்வொரு ஜமாஅத்தும் செய்யக்கூடிய உதவி. பாங்குக்கு முன்பே அவர்களை அழைத்து வந்துவிட்டால் இகாமத் நேரத்து அவசரம் இருக்காது.

ரமளானில் இன்னும் கவனம் வேண்டும். பகல் முழுதும் மாத்திரையை நிறுத்துவது இந்நோயில் ஆபத்து. லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அரசு உதவிகள்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பார்க்கின்சன் நோயும் ஒன்று. பாதிப்பு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று அரசு மருத்துவர் சான்று அளித்தால் அடையாள அட்டை பெற்று, அதற்குரிய சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். இது தெரியாமலே பல குடும்பங்கள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் பகுதி ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். மலை கிராமங்களில் உள்ள மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களோடு வியாபாரத் தொடர்பு உள்ள நம் சகோதரர்கள் இச்செய்தியை அங்கும் எடுத்துச் சொல்லுங்கள். நோய்க்கு ஊர் வேறுபாடும் இல்லை, மத வேறுபாடும் இல்லை.

ஒரு வாரக் குறிப்புக்கான மாதிரித் தாள் நமது அறக்கட்டளை அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். வீட்டில் பயன்படாமல் கிடக்கும் வாக்கர், சக்கர நாற்காலி இருந்தால் கொடுத்து உதவுங்கள். தேவைப்படுவோரிடம் சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

வீட்டில் கலந்து பேசுவதற்கு:

1. நம் வீட்டுப் பெரியவர் நடக்கும்போது இரு கைகளும் ஒன்றுபோல் வீசுகின்றனவா?

2. கடைசியாக அவர் தடுமாறியது எங்கே, எத்தனை மணிக்கு? அதற்கு முன் மாத்திரை போட்டது எப்போது?

3. படுக்கையிலிருந்து குளியலறை வரை அவர் போகும் வழியில் எத்தனை தடைகள் இருக்கின்றன?

4. அவரை நாம் ஒரு நாளில் எத்தனை முறை அவசரப்படுத்துகிறோம்?

இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிவிடுங்கள். நம் பெற்றோரின் முதுமையில் அவர்களுக்குத் துணையாக நிற்கும் நல்வாய்ப்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.